படத்தை வாடகைக்குத் தரவிறக்குவதா, மாதச் சந்தா கட்டுவதா? திருகோணமலை வீடுகளுக்கான கேள்வி பதில்

ஒரு காலத்தில் கடைக்குப் போய்ப் படக் கொப்பி எடுத்தால் போதும். கசெட் ஓடவிடும் டெக்கும் ரீவியும் ஓர் இரவுக்கு வாடகைக்கு வரும், விடிய முன்னம் மூன்று படம் ஓடிவிடும். இப்போது அந்தக் கடை போனுக்குள் இருக்கிறது. வாடகை, மாதக் கட்டணம், டேட்டா, டொலர், நேரம் என்று ஐந்து கணக்கு ஒன்றோடொன்று சிக்கிக்கொண்டும் இருக்கிறது. காசு வீணாவது பெரும்பாலும் படத்தின் விலையால் அல்ல, மற்றக் கணக்குகளைப் பார்க்காமல் விடுவதால்தான்.

வாடகைக்கும் சந்தாவுக்கும் உண்மையான வித்தியாசம் என்ன?

வாடகை என்றால் ஒரு படத்துக்கு ஒரு முறை காசு. பெரும்பாலான கடைகளில் பார்க்கத் தொடங்க 30 நாள் தருவார்கள், தொடங்கிய பிறகு 48 மணித்தியாலம். அதற்குள் எத்தனை தடவையும் பார்க்கலாம். பிறகு படம் தானாகவே பூட்டிக்கொள்ளும்.

சந்தா என்றால் மாதம் ஒரு தொகை. பட்டியலில் இருக்கும் எதையும் பார்க்கலாம், ஆனால் பட்டியலில் என்ன இருக்கும் என்று தீர்மானிப்பது அவர்கள். இந்த மாதம் இருந்த படம் அடுத்த மாதம் காணாமல் போகும். புதுப் படம் வாடகைக் கடைக்கு முதலில் வந்து, சந்தாவுக்குப் பல மாதம் பிந்தி வருவதும், ஒருபோதும் வராமலே போவதும் உண்டு.

வாடகையிலிருந்து வளர்ந்த சந்தாச் சேவையும் உண்டு. நெட்பிளிக்ஸ் அமெரிக்காவில் 1998இல் டிவிடியைத் தபாலில் வாடகைக்கு அனுப்பித்தான் வியாபாரத்தைத் தொடங்கியது. இணையத்தில் ஓடவிடத் தொடங்கியது 2007இல். தபால் டிவிடியை 2023 செப்டெம்பரில் நிறுத்தினார்கள். இலங்கைக்கு அந்தச் சேவை 2016 ஜனவரியில் வந்தபோது வந்தது இணையச் சந்தா மட்டும்தான்.

எது மலிவு?

ஒரு மாதத்தில் கடைசி வரைக்கும் பார்த்து முடித்த படங்களை எண்ணுங்கள். தொடங்கி விட்டவற்றை எண்ண வேண்டாம். வாடகை 4 டொலர், சந்தா 8 டொலர், டொலர் 300 ரூபாய் என்று ஒரு கணக்குக்கு வைத்துக்கொள்வோம். ஒரு படம் 1,200 ரூபாய், ஒரு மாதச் சந்தா 2,400 ரூபாய். மாதம் இரண்டு படத்தில் இரண்டும் சமன். மூன்றாவது படத்திலிருந்து சந்தா இலாபம், ஒரு படத்தோடு நின்றால் வாடகை இலாபம். சரியான விலை காசு கட்டும் திரையில் தெரியும், அதைப் போட்டு இதே கணக்கைச் செய்து பாருங்கள்.

பிள்ளைகள் தொடர் பார்க்கும் வீடு என்றால் இந்தக் கணக்கே தேவையில்லை, சந்தாதான். தைப்பொங்கல், பெருநாள், பாடசாலை விடுமுறை என்று வருடத்தில் நாலைந்து தடவை மட்டும் குடும்பமாக இருந்து படம் பார்க்கும் வீட்டுக்கு 12 மாதச் சந்தா வீண் செலவு. அவர்கள் விடுமுறை மாதத்துக்கு மட்டும் சந்தா எடுத்து நிறுத்திவிடலாம், அல்லது படத்துக்குப் படம் வாடகை கட்டலாம்.

இங்கிருந்து எங்கே வாடகைக்கு எடுக்க முடியும்?

ஐபோன், ஐபேட், மக் வைத்திருப்பவர்களுக்கு ஆப்பிளின் கடை. இலங்கைக்கு ஐடியூன்ஸ் கடை 2012 ஜூனில் திறந்தது. அண்ட்ரொய்ட் போனில் யூடியூப்பிலோ கூகுளின் செயலியிலோ படத்தின் பக்கத்தைத் திறந்து பாருங்கள், வாடகை விலை தெரிந்தால் எடுக்கலாம். விலை தெரியவில்லை என்றால் அந்தப் படத்தை இந்த நாட்டில் வாடகைக்கு விடும் உரிமை அந்தக் கடைக்கு இல்லை என்று அர்த்தம். உங்கள் போனில் பிழை எதுவும் இல்லை.

அமேசன் பிரைம் வீடியோவில் பலர் குழம்புகிறார்கள். இந்தியாவில் 2022 ஏப்ரலில் அவர்கள் தனியாக வாடகைக் கடை தொடங்கினார்கள். சென்னையில் இருக்கும் சொந்தக்காரர் ‘வாடகைக்கு இருக்கு’ என்று படம்பிடித்து அனுப்புவார், உங்கள் திரையில் அது இருக்காது. உரிமை நாட்டுக்கு நாடு வேறு.

கார்ட்டை ஏற்றுக்கொள்ளவில்லை. ஏன்?

அநேகமாக, அந்த டெபிட் கார்ட்டில் வெளிநாட்டு இணையக் கொடுக்கல் வாங்கல் திறக்கப்படவில்லை. ஏடிஎம் பெட்டியில் காசு எடுக்க வேலை செய்யும் கார்ட் இதற்கு வேலை செய்ய வேண்டும் என்றில்லை. வங்கிச் செயலியில் அந்தத் தெரிவைத் திறந்துவிடுங்கள், இல்லையென்றால் கிளைக்குப் போய்ப் படிவம் கொடுங்கள். அடுத்து, ஓடிபி (வங்கி அனுப்பும் ஒரு தடவைக் கடவு எண்) வரும் போன் இலக்கத்தைப் பாருங்கள். சிம் மாற்றி வங்கியில் பழைய இலக்கத்தை விட்டவர்களுக்கு ஓடிபி வராது.

இன்னொரு காரணம், கணக்கின் நாடு. போனை அமைத்துத் தந்தவர் இந்தியா என்றோ அமெரிக்கா என்றோ போட்டிருந்தால் இலங்கைக் கார்ட்டைக் கடை மறுக்கும். நாட்டை மாற்றுவதற்கு முன் கணக்கில் இருக்கும் மிச்சக் காசையும் ஓடிக்கொண்டிருக்கும் சந்தாக்களையும் முடிக்க வேண்டும்.

திரையில் காட்டும் டொலரை ரூபாயால் பெருக்கியவுடன் கணக்கு முடிந்துவிடாது. வங்கியின் மாற்று வீதம் மத்திய வங்கி காட்டும் வீதத்தை விட அதிகம், அதன் மேல் வங்கிக் கட்டணமும் வரிகளும் சேரும். முதல் மாத வங்கி அறிக்கையில் வந்த ரூபாய்த் தொகையைக் குறித்து வைத்து, அதையே உங்கள் உண்மையான விலையாகக் கொள்ளுங்கள்.

ஒரு படத்துக்கு எவ்வளவு டேட்டா போகும்?

நெட்பிளிக்ஸ் தன் தர அமைப்புகளுக்குச் சொல்லும் அளவு மணித்தியாலத்துக்கு இப்படி: குறைந்த தரம் 0.3 ஜிபி, நடுத்தரம் 0.7 ஜிபி, எச்டி 3 ஜிபி வரை, 4கே 7 ஜிபி வரை. இரண்டரை மணித்தியாலத் தமிழ்ப் படத்தை எச்டியில் பார்த்தால் 7.5 ஜிபி வரை போகலாம். 30 ஜிபி பக்கேஜில் நாலு படம் பார்த்தால் மாதம் முடிந்தது. நடுத்தரத்தில் அதே படம் 1.75 ஜிபி. ஆறு அங்குலப் போன் திரையில் இந்த இரண்டுக்கும் கண்ணுக்குத் தெரியும் வித்தியாசம் மிகக் குறைவு.

சந்தாவில் ஒரு படத்தைத் திரும்பத் திரும்ப ஓடவிட்டால் ஒவ்வொரு தடவையும் டேட்டா போகும். தரவிறக்கி வைத்தால் ஒரு தடவை போவதோடு சரி. குட்டிப் பிள்ளை ஒரே படத்தை ஒரு நாளைக்கு மூன்று தரம் கேட்கும் வீட்டில் இது பெரிய காசு.

யூடியூப்புக்கென்றும் முகநூலுக்கென்றும் விற்கும் பக்கேஜுகள் பெயர் சொன்ன செயலிக்கு மட்டும்தான். அவற்றை நம்பி வேறு செயலியில் படம் ஓடவிட்டால் சாதாரண டேட்டாவிலிருந்தோ ரீலோட் காசிலிருந்தோ கழியும். விபிஎன் (இணையப் போக்குவரத்தை மறைக்கும் செயலி) போட்டால் எந்தச் செயலி என்று போன் நிறுவனத்துக்குத் தெரியாது, அப்போதும் அதே கதிதான்.

இரவு டேட்டாவை வைத்து எப்படித் தரவிறக்குவது?

வீட்டு இணையப் பக்கேஜுகள் பலவற்றில் நள்ளிரவுக்குப் பிறகு தனி டேட்டா இருக்கும். எத்தனை மணி முதல் எத்தனை மணி வரை என்பதை உங்கள் பக்கேஜின் செயலியில் பார்த்து வையுங்கள். மாலை 7 மணிக்கும் 10 மணிக்கும் இடையில் ஊர் முழுக்க ஒரே சிக்னல் கோபுரத்தில் தொங்குகிறது. உப்புவெளி, நிலாவெளிப் பக்கம் உல்லாசப் பயணிகள் வரும் மே முதல் செப்டெம்பர் வரை நெரிசல் இன்னும் கூடும். நள்ளிரவுக்குப் பின் அதே ரூட்டர் நன்றாக ஓடும்.

படுக்கப் போகும் முன் செய்ய வேண்டியது இதுதான். செயலியின் அமைப்பில் ‘வைபையில் மட்டும் தரவிறக்கு’ என்பதைப் போடுங்கள், இல்லாவிட்டால் வைபை ஒரு நிமிடம் அறுந்தாலும் போன் மொபைல் டேட்டாவுக்குத் தாவிவிடும். தரத்தை நடுத்தரமாக வையுங்கள். போனில் படத்தின் அளவைப் போல் இரண்டு மடங்கு இடம் காலியாக இருக்கட்டும். சார்ஜரில் செருகி, பட்டரி சேமிப்பை நிறுத்துங்கள். அண்ட்ரொய்ட் போன்களில் திரை அணைந்து கொஞ்ச நேரத்தில் தரவிறக்கம் நின்றுபோவதற்குப் பெரும்பாலும் இந்தப் பட்டரி சேமிப்புத்தான் காரணம். 12 மணிக்கு எழும்பித் தொடக்க முடியாதவர்கள் விடியக்காலை இரவு டேட்டா முடிய முன் இறங்கி முடியும்படி நேரத்தோடு தொடக்கினாலும் சரி.

4 ஜிபி படம் 10 எம்பிபிஎஸ் வேகத்தில் இறங்க ஏறக்குறைய 55 நிமிடம் எடுக்கும். 2 எம்பிபிஎஸ் என்றால் நாலரை மணித்தியாலம். உங்கள் வேகத்தை இரவில் ஒரு தரம் அளந்து பார்த்தால் எந்தத் தரத்தில் இறக்கலாம் என்பது தெரிந்துவிடும்.

48 மணித்தியாலம் எப்போது தொடங்குகிறது?

தரவிறக்கும்போது அல்ல. முதல் தடவை ஓடவிடும்போது. அதிகம் பேர் காசை இழப்பது இந்த இடத்தில்தான்.

வியாழக்கிழமை இரவு படம் இறங்கி முடிகிறது. ‘சரியாக வந்திருக்கிறதா’ என்று பார்க்கப் பத்துச் செக்கன் ஓடவிடுகிறீர்கள். குடும்பம் கூடுவது ஞாயிறு இரவு. அதற்குள் 48 மணித்தியாலம் முடிந்து, படம் போனில் இருந்தும் திறக்காது. வாடகைப் படத்தைச் சோதிக்க ஓடவிடவே கூடாது. தரவிறக்க அடையாளம் முழுமையாகியிருக்கிறதா, செயலியின் தரவிறக்கப் பக்கத்தில் படத்தின் அளவு சொன்னபடி இருக்கிறதா என்று மட்டும் பாருங்கள். ஒலி எப்படி என்று அறிய முன்னோட்டத்தை ஓடவிடுங்கள், அதற்குக் கணக்கில்லை.

சந்தாவில் இறக்கிய படத்துக்கும் காலாவதி உண்டு. சில படங்கள் ஓடவிட்ட 48 மணித்தியாலத்தில் முடியும், சில ஏழு நாளில். ஆனால் இணையம் இருந்தால் பெரும்பாலும் மேலதிகக் காசில்லாமல் புதுப்பிக்கலாம். அதனால் சந்தாப் படத்தை விமான முறையில் போட்டு அரை நிமிடம் ஓடவிட்டுச் சோதிப்பது நல்லது. கொழும்புக்கு இரவு மெயில் ரயிலில் போகிறவர்கள் இதைக் கட்டாயம் செய்யுங்கள். கந்தளாய் தாண்டிக் கல்லோயா சந்திப் பக்கம் காட்டுக்குள் சிக்னல் வந்து வந்து போகும், புதுப்பிக்க முடியாமல், காலாவதி காட்டும் சிவப்பு அடையாளத்தைப் பார்த்துக்கொண்டே பயணம் முடியும்.

போனின் திகதியையும் நேரத்தையும் பின்னுக்குத் தள்ளி 48 மணித்தியாலத்தை நீட்டலாம் என்று சொல்வார்கள். செய்யாதீர்கள். நேரம் பிழையாக இருந்தால் உரிமம் சரிபார்க்கும்போது படமே திறக்காது. பட்டரி முழுக்க இறங்கி எழும்பிய பழைய போனில் திகதி தானாகப் பிழைத்துப் போவதும் உண்டு. ‘உரிமப் பிழை’ என்று வந்தால் முதலில் திகதியைப் பாருங்கள்.

போனில் ஓடுகிறது, ரீவியில் வரவில்லை. என்ன செய்வது?

நெட்பிளிக்ஸில் தரவிறக்கிய படத்தைப் போனிலிருந்து ரீவிக்கு அனுப்ப முடியாது. ரீவியில் பார்க்க வேண்டும் என்றால் ஸ்மார்ட் ரீவியின் செயலியிலேயே இணையத்தில் ஓடவிட வேண்டும். அதற்கு 1080 (முழு எச்டி) தரத்துக்கு 5 எம்பிபிஎஸ், 720 (எச்டி) தரத்துக்கு 3 எம்பிபிஎஸ் நிலையாக வர வேண்டும்.

போனுக்கும் டப்லெட்டுக்கும் மட்டும் என்று விற்கும் மலிவுத் திட்டத்தை எடுத்திருந்தால் ரீவியில் எந்த வழியிலும் வராது. சந்தா எடுக்கும்போது ‘எந்தக் கருவிகளில்’ என்ற வரியை வாசியுங்கள்.

லப்டொப்பை எச்டிஎம்ஐ வயரில் ரீவியோடு இணைத்து, ஒலி வந்து திரை கறுப்பாக இருந்தால் அது நகல் பாதுகாப்பின் வேலை. பழைய ரீவியோ, இடையில் போட்ட மலிவு மாற்றியோ அந்தப் பாதுகாப்பை ஏற்கவில்லை. மாற்றியைக் கழற்றி நேரடி வயரில் போட்டுப் பாருங்கள். ரீவியில் வேறு எச்டிஎம்ஐ துளை இருந்தால் அதிலும் போட்டுப் பாருங்கள்.

எச்டிக்குக் காசு கட்டியும் படம் மங்கலாக இருக்கிறதே?

இணைய வேகம் சரியாக இருந்தும் மங்கல் என்றால் போனைப் பாருங்கள். அண்ட்ரொய்ட் போன்களில் வைட்வைன் என்ற நகல் பாதுகாப்பு எல்1 (உயர்ந்தது), எல்3 (குறைந்தது) என்று இருக்கும். எல்3 போனில் பெரிய சேவைகள் சாதாரணத் தரத்துக்கு மேல் தருவதில்லை. நெட்பிளிக்ஸ் செயலியின் அமைப்பில் ‘பிளேபெக்’ விவரத்தைத் திறந்தால் எது என்று எழுதியிருக்கும். எல்3 என்று இருந்தால் எச்டி வாடகைக்குக் காசு கட்ட வேண்டாம், சாதாரணத் தரத்தை எடுங்கள். விலையும் குறைவு, டேட்டாவும் குறைவு.

கனடாவில் இருக்கும் சித்தப்பாவின் கணக்கைப் பாவிக்கலாமா? மகள் வேறு ஊரில் படிக்கிறா, ஒரே சந்தா போதுமா?

சந்தாச் சேவைகள் கணக்கு திறந்த நாட்டைப் பார்த்து அல்ல, நீங்கள் இருக்கும் நாட்டைப் பார்த்துத்தான் பட்டியல் காட்டும். கனடாக் கணக்கில் இங்கே நுழைந்தாலும் இங்குள்ள பட்டியல்தான். அங்கே தரவிறக்கிக் கொண்டுவந்த படங்களில் சில இங்கே திறக்காமல் போகலாம், விடுமுறைக்கு வருகிறவர்களிடம் முன்கூட்டியே சொல்லி வையுங்கள்.

நெட்பிளிக்ஸ் 2023இலிருந்து ‘ஒரே வீடு’ என்ற விதியைக் கடுமையாக்கியது. ஒரு கணக்கு ஒரு வீட்டு இணையத்தோடு கட்டப்படும். உவர்மலை வீட்டுக் கணக்கை மகள் பேராதனையில் போனில் பார்ப்பதில் பெரும்பாலும் தடை வராது, இடைக்கிடை குறியீடு கேட்கும். அங்கே தங்கியிருக்கும் வாடகை வீட்டு ரீவியில் போட்டால்தான் நெட்பிளிக்ஸ் தடுக்கும். இங்குள்ள கோணேசபுரிப் பல்கலைக்கழக வளாகத்தில் படித்து வார இறுதியில் வீட்டுக்கு வரும் பிள்ளைகளுக்கு இது பிரச்சினையே இல்லை. வீட்டு வைபையில் இறக்கிக்கொண்டு போகலாம்.

வாடகைப் படம் ஒரு நேரத்தில் ஒரு கருவிக்குத்தான். இருவர் இரண்டு ஊரில் இருந்து பங்கு போட முடியாது.

தமிழில் ஒலியோ எழுத்தோ இருக்கிறதா என்று எப்படித் தெரியும்?

காசு கட்ட முன் படத்தின் பக்கத்தைக் கீழே தள்ளுங்கள். ஒலி மொழி, துணையுரை மொழி என்று இரண்டு வரி இருக்கும். முன்னோட்டம் தமிழில் இருப்பதால் படமும் தமிழில் என்று நினைக்கக் கூடாது. ஒரே படம் சந்தாவில் தமிழ் ஒலியோடும் வாடகைக் கடையில் ஆங்கிலத்தில் மட்டும் இருப்பதும் உண்டு. சிங்களத் துணையுரை கிடைப்பது அரிது, தமிழும் சிங்களமும் சேர்ந்திருந்து பார்க்கும் வீடுகளில் ஆங்கிலத் துணையுரைதான் பொதுவாக உதவும். தரவிறக்கும்போது துணையுரையும் சேர்ந்து இறங்கியதா என்று பாருங்கள், சில செயலிகளில் அதைத் தனியாகத் தெரிவு செய்ய வேண்டும்.

படம் ஓடும்போது கரண்ட் போனால்?

தரவிறக்கிய படத்துக்குப் பயமில்லை. இணையத்தில் ஓடும் படத்துக்கு ரூட்டர் உயிரோடு இருக்க வேண்டும். ரூட்டருக்கென்று விற்கும் சிறிய யூபிஎஸ் வாங்கினால் போதும். 8,800 எம்ஏஎச் (பட்டரியின் கொள்ளளவு) என்று போட்டிருப்பது எவ்வளவு நேரம் நிற்கும் என்று அறிய, ரூட்டர் எத்தனை வொட் எடுக்கிறது என்று பாருங்கள். உள்ளே இருக்கும் பட்டரி ஏறக்குறைய 32 வொட்-மணித்தியாலம், ரூட்டர் 8 வொட் எடுத்தால் இழப்புப் போக மூன்று மணித்தியாலத்துக்கு மேல் நிற்கும். பைபர் இணைப்பில் சுவரில் இருக்கும் பெட்டி தனி, ரூட்டர் தனி என்றால் இரண்டுக்கும் கரண்ட் வேண்டும். வோல்டேஜ் வேறு விதத்தில் முக்கியம். 9 வோல்ட் ரூட்டருக்கு 12 வோல்ட் வயரைச் செருகினால் ரூட்டர் எரிந்துபோகலாம். அடப்டரில் எழுதியிருப்பதைப் படம்பிடித்துக்கொண்டு கடைக்குப் போங்கள்.

ஒக்டோபர், நவம்பர் இடிமழை நேரத்தில் படத்தை விட ரூட்டர் பெரிது. சுவரிலிருந்து கழற்றிவிடுங்கள்.

சந்தாவை எப்படி நிறுத்துவது?

செயலியை அழித்தால் சந்தா நிற்காது. மாதா மாதம் கார்ட்டில் கழிந்துகொண்டே இருக்கும். சேவையின் இணையத்தளத்தில் நேரடியாகக் காசு கட்டியிருந்தால் அங்கேயே நிறுத்த வேண்டும். கூகுள் பிளே அல்லது ஆப்பிள் மூலம் கட்டியிருந்தால் அந்தக் கணக்கின் ‘சந்தாக்கள்’ பகுதியில்தான் நிறுத்த முடியும்.

ஒரு மாதத்துக்கு மட்டும் வேண்டும் என்றால் எடுத்த அன்றைக்கே நிறுத்திவிடுங்கள். காசு கட்டிய மாதம் முடியும் வரை படம் பார்க்கலாம். ஆனால் இலவசச் சோதனைக் காலத்தில் சில சேவைகள் நிறுத்தியவுடனேயே மூடிவிடும், அந்த வரியை வாசித்துவிட்டு நிறுத்துங்கள்.

பிள்ளை தெரியாமல் வாடகைப் பொத்தானை அழுத்திவிட்டது. காசு திரும்புமா?

பார்க்கத் தொடங்காத படம் என்றால் வாய்ப்பு உண்டு. உடனேயே கடையின் வாங்கிய பட்டியலுக்குப் போய்ப் பணம் திரும்பக் கேளுங்கள். ஓடவிட்டுவிட்டால் கஷ்டம். ஒவ்வொரு வாங்கலுக்கும் கடவுச்சொல் கேட்கும்படி அமைப்பில் போட்டு வைத்தால் இது நடக்காது. ‘30 நிமிடத்துக்கு ஒரு முறை கேள்’ என்ற தெரிவை எடுக்காதீர்கள், நீங்கள் ஒரு படம் எடுத்த அரை மணித்தியாலத்துக்குள் போன் பிள்ளையின் கைக்குப் போய்விடும்.

டெலிகிராமில் சும்மா கிடைக்கும்போது ஏன் காசு கட்ட வேண்டும்?

அது களவு நகல். இலங்கையில் 2003ஆம் ஆண்டின் 36ஆம் இலக்கப் புலமைச் சொத்துச் சட்டம் அதைத் தடுக்கிறது. டேட்டாவும் மிச்சமில்லை, அதே ஜிபி அங்கேயும் போகும். படம் என்று சொல்லி நிறுவக் கேட்கும் கோப்புகள் வங்கி ஓடிபி வரும் அதே போனுக்குள் நுழைகின்றன. திரையரங்கில் கமராவால் எடுத்த கொப்பியில் வசனம் பாதி கேட்காது. ஒரு படத்தில் ஒலி அமைத்தவரின் ஆறு மாத உழைப்பு அங்கேயே போய்விடுகிறது.

பிடித்த படத்தை வாடகைக்கு எடுக்காமல் வாங்கிவிடலாமா?

மூன்று தடவைக்கு மேல் பார்ப்பீர்கள் என்றால் வாங்கலாம், 48 மணித்தியாலக் கவலை இல்லை. ஆனால் வாங்குவது அந்தக் கடையில் பார்ப்பதற்கான அனுமதியைத்தான். கணக்கை மூடினாலோ, நாட்டை மாற்றினாலோ, கடைக்கும் படக் கம்பனிக்கும் இடையிலான ஒப்பந்தம் முடிந்தாலோ படம் போகலாம். வாங்கிய அன்றைக்கே வீட்டு வைபையில் தரவிறக்கி, ஒரு பழைய டப்லெட்டில் வைத்திருங்கள். இடைக்கிடை அதை இணையத்தோடு இணைத்து உரிமத்தைப் புதுப்பித்தால் போதும்.